வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாய்?

2025 ஜனவரியில் ஒரு பெரிய கம்பெனித் தலைவரின் பேச்சு வெளியாகி நாடெங்கும் அடிபட்டது. சிப்பந்திகள் வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்பது அவருடைய வருத்தம். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு நேரந்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் அவர் கேட்டார். அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், இன்னொரு பெரும் முதலாளி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று உபதேசம் செய்திருந்தார்.

90 மணியை ஏழு நாளுக்கும் பங்கிட்டால்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 மணி ஆகிறது. போக வர ஒரு மணி, தூங்க ஏழு மணி என்று வைத்துக்கொண்டால் மிச்சம் மூன்றே மணி. அதற்குள் குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும், தின்ன வேண்டும். இப்படி இருக்கிறவன் வீட்டில் வாழவில்லை. ராத்திரியில் லாரியைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்துகிற மாதிரி, மறுநாள் வேலைக்காக அவனை அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சைக் கேட்டு ஜனங்கள் கோபப்பட்டார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். இரண்டும் நியாயமே. ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது என்பது நம் கருத்து. கேள்வி திமிரான கேள்வி. கேட்டவர் நம் நன்மையைக் கருதிக் கேட்கவில்லை. இருந்தாலும் அதற்கு நம்மிடம் ஒரு நேரான பதில் இருக்க வேண்டாமா? வீட்டில் உட்கார்ந்து நாம் என்ன செய்கிறோம்? என்ன செய்ய விரும்புகிறோம்?

பத்து நிமிடம் கேட்டவர்கள்

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களைத் திரட்டி, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி. பி. வாடியா ஆகியோர் முன்னின்று அமைத்த சங்கம் அது. அன்று அந்தத் தொழிலாளர்கள் சொன்ன முதல் முறையீடுகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சோற்றுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பதுதான். கை கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து, நாலு கவளம் உள்ளே போவதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே, இன்னும் ஒரு பத்து நிமிடம் வேண்டும் என்று கேட்டார்கள்.

சோற்றை மென்று தின்ன பத்து நிமிடம்! இன்று பணம் படைத்தவர்களுக்கு நிதானமாக வாழ்வது எப்படி என்று புத்தகம் போட்டு விற்கிறார்கள். மலையில் விடுதி கட்டி, மெதுவாகச் சாப்பிடவும் மெதுவாக மூச்சு விடவும் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். நம் பாட்டன்மார் அந்த நிதானத்தை நூறு வருஷத்துக்கு முன்பே சங்கம் வைத்துக் கேட்டார்கள்.

அந்தக் காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். 1911-ம் வருஷச் சட்டம் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்கலாம் என்றது. 1922-ல் அது 11 மணி, வாரம் 60 மணி ஆயிற்று. 1934-ல் 10 மணி, வாரம் 54. வாரம் 48 மணி என்று எழுத 1946 வரை ஆயிற்று. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. இந்த ஒவ்வொரு மணியையும் சர்க்கார் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. வேலை நிறுத்தத்தாலும் பட்டினியாலும் சிறைவாசத்தாலும் அடிஉதையாலும் வாங்கியது. 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தியதும், 1923-ல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றியதும் இந்த எட்டு மணிக்காகத்தான். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம். மூன்றாவது எட்டு மணி எதற்கு? வாழ்வதற்கு!

வயற்காட்டிலும் இதே கதைதான். கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்கு நேரம் என்று ஒன்று இருந்ததா? ஆண்டையின் மனையில் ஒரு குடிசை. கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும். ஓடத் தாமதித்தால் சவுக்கடி, சாணிப்பால். 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் செங்கொடியின் கீழ் அந்த மக்களைத் திரட்டிப் போராடியதால்தான் அந்தக் கொடுமை ஒழிந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுது சாய்ந்தபின் தன் வாசலில் தான் உட்காரலாம் என்கிற உரிமைகூடச் சும்மா வந்ததல்ல.

இந்த உரிமை கெட்டியாக நிற்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அதை வாபஸ் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. கண்ணை மூடினால் மூன்றாவது எட்டு மணி பறிபோகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மெஷின் வீட்டுக்கு வருகிறது

சரி. மிச்சமிருக்கிற நேரத்தை நாம் என்ன செய்கிறோம்?

ரிங் பிரேமுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்து நடந்து அறுந்த இழையைப் பிணைத்தவன் வீட்டுக்கு வருகிறான். மெஷின் மில்லில் நின்றுபோனாலும் அவன் உடம்பில் நிற்கவில்லை. "சீக்கிரம் போடு" என்கிறான். எங்கும் போகப்போவதில்லை, ஆனாலும் சங்கு ஊதப்போகிற மாதிரி விழுங்குகிறான். பிள்ளை நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தால் "அப்புறம்" என்கிறான். அந்த அப்புறம் வருவதே இல்லை. பிறகு மதுக்கடை, அல்லது கைபேசி. முன்பெல்லாம் மேஸ்திரி மில் கேட்டோடு நின்றுகொள்வான். இப்போது அவன் குரல் நம் சட்டைப்பையிலேயே குடியிருக்கிறது. அவன் கூப்பிடாத நேரத்திலும் அந்தக் கருவி நம்மை விடுவதில்லை. ஒரு படம் முடிவதற்குள் அடுத்த படம். நாம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்கோ ஒரு கம்பெனிக்கு விளம்பரக் காசாகிறது.

விவசாயத் தொழிலாளியின் நிலை வேறு விதம். நடவு, களையெடுப்புக் காலத்தில் ஏக்கர் கணக்கில் காண்டிராக்ட் பேசிக்கொண்டு இடுப்பொடிய ஓட்டம். அது முடிந்தால் வேலையில்லாத நாட்கள். வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஓய்வு அல்ல, தோழர்களே! அடுப்பு எரியாத வீட்டில் நிதானத்தைப் பற்றிப் பேசுவது பரிகாசம். கூலி உறுதியாக இருந்தால்தான் ஓய்வும் ஓய்வாக இருக்கும்.

ஆகவே, தொழிலாளியே, நீ கெட்டுப்போய்விட்டாய் என்று புத்திமதி சொல்ல நாம் வரவில்லை. ஓவர்டைம் பார்க்காவிட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது என்கிறவனிடம் அவசரப்படாதே என்று சொல்லிப் பயன் என்ன? எட்டு மணி உழைப்புக்கே குடும்பம் நடத்தப் போதிய கூலி வேண்டும். இது முதல் விஷயம். ஆனால் இது மட்டுமே விஷயம் அல்ல.

அவளுக்கு எந்தச் சங்கு?

கொஞ்ச நாளுக்கு முன், மில் குடியிருப்பு ஒன்றில் பெண்கள் கூட்டத்தில் எட்டு மணி வேலையின் சரித்திரத்தைப் பேசினோம். கோன் வைண்டிங்கில் வேலை செய்யும் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "தோழர், உங்க கணக்கெல்லாம் சரிதானுங்க. ஷிப்டு முடிஞ்சா மில்லுல சங்கு ஊதுது. வீட்டுல எனக்கு எந்தச் சங்கு ஊதும்?"

கூட்டம் சிரித்தது. நம்மால் சிரிக்க முடியவில்லை. ஏதோ பதில் சொல்லி முடித்தோம். அன்று ராத்திரி வீடு போய்ச் சேரும்போது மணி பத்தரை. தண்ணீர் பிடிக்க விடியுமுன் எழுந்த நம் மனைவி, சோற்றை மூடிவைத்துக்கொண்டு நமக்காக விழித்திருந்தார். வழக்கம்போல் அவசரமாகத் தின்றுவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு படுக்கப் போனோம். பின்னால் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. இருபது வருஷமாக நம் காதில் விழாத சத்தம்! எட்டு மணி வேலைக்காக ஊர் ஊராகப் பேசிய நாம், நம் வீட்டிலேயே ஒருவருக்குப் பதினெட்டு மணி வேலை வைத்திருந்தோம்.

இது நம் ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-ல் மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா நேரக் கணக்கு ஒன்று எடுத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையை ஒரு நாளில் செய்தவர்கள், 100 பெண்களில் 81 பேர். 100 ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்கிற பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செய்கிறாள். செய்கிற ஆண் 97 நிமிடம். 2024-ல் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம். ஆணுக்கு 88 நிமிடம். அவளுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று சந்தோஷப்படுவதற்குள், நம் பங்கிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது!

வீட்டில் நாம் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்தால், அந்த நிதானத்தின் பாரம் யார் தலையில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டாமா? ஒருவர் உட்கார இன்னொருவர் ஓடுவது ஓய்வு அல்ல. அது வீட்டுக்குள் நடக்கும் சுரண்டல். வீட்டுவேலையின் சில்லறைச் சுமை பெண்ணை நசுக்குகிறது, பொதுச் சமையற்கூடமும் குழந்தைக் காப்பகமும் அவளை விடுவிக்கும் என்று லெனின் 1919-லேயே எழுதினார். அன்று அவர் சொன்னது இன்றும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஒரு மூலையில்தான் கிடக்கிறது.

நம் பதில்

ஆகவே நாம் சொல்வது இது. நாளில் ஒரு மணி நேரத்தையாவது வீட்டுக்கென்று ஒதுக்குவோம். கைபேசியை அலமாரியில் வைப்போம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். எல்லோரும் என்றால், கடைசியில் சட்டியைச் சுரண்டித் தின்னுகிறவரும் சேர்த்துத்தான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா என்று நம் கிழவிகள் கேட்பார்கள். அந்த ஆறுகிற நேரத்தில் பிள்ளையை இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்போம். பதில் முடியும்வரை கேட்போம். பத்திரிகையில் ஒரு விஷயத்தை உரக்கப் படித்துப் பேசுவோம்.

இந்த ஒரு மணி எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமானால் வேலையைப் பங்கிட வேண்டும். மனைவிக்கு 'உதவி' செய்கிறேன் என்ற பேச்சு வேண்டாம். நம் வீட்டு வேலை, நம் பங்கு. ஷிப்டு இல்லாதவர் விடியற்காலைக் குழாயடிக்குப் போகட்டும். தின்றவர் தட்டைக் கழுவட்டும்.

சங்கங்களும் கட்சிக் கிளைகளும் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்குக் கூட்டம் என்று போட்டு எட்டு மணிக்குத் தொடங்கினால், எந்தப் பெண் தோழர் வருவார்? தொடங்கும் நேரத்தைப் போலவே முடியும் நேரத்தையும் நோட்டீசில் போடுவோம், அதைக் காப்பாற்றுவோம். தெருக்குழாயில் வேளைக்குத் தண்ணீர், குழந்தைக் காப்பகம், கட்டாய ஓவர்டைம் ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளைப் பட்டியலின் மூலையிலிருந்து முன்வரிசைக்குக் கொண்டுவருவோம். இவையெல்லாம் கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவை.

தட்டுக் கழுவினால் புரட்சி வந்துவிடுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். வராது. ஆனால் ஓடிக்கொண்டே இருக்கிறவன் படிப்பதில்லை, படிக்காதவன் யோசிப்பதில்லை, யோசிக்காதவன் சங்கத்துக்கு வருவதில்லை. முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவேதான் நம் ஞாயிற்றுக்கிழமையின் மேல் அவனுக்குக் கண். வீட்டில் ஒரு மணி நேரத்தின் ருசி தெரிந்த குடும்பம், அந்த நேரத்தைப் பறிக்க வருகிறவனைச் சும்மா விடாது. புருஷன் மட்டுமல்ல, மனைவியும் மில் கேட்டுக்கு வருவாள்.

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாய் என்று இனி ஒருவர் கேட்டால் சொல்லுவோம்: சோற்றை மென்று தின்போம். பிள்ளைகள் பேசுவதைக் கேட்போம். படிப்போம், யோசிப்போம். எங்கள் மனைவிமாரின் முகத்தைப் பார்ப்போம்; அவர்களும் ஓடாமல் உட்கார்ந்து எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த நேரத்தை எங்கள் பாட்டன்மார் வாங்கிக் கொடுத்தார்கள். இதில் ஒரு நிமிடமும் உனக்குக் கிடையாது!