சும்மா இருக்கும் கை

கைக்குழந்தை ஒன்று கிலுகிலுப்பையை எப்பொழுதும் இடக் கையாலேயே எடுக்கிறது. வலக் கையோ விரல்களை மூடிக்கொண்டு சும்மா கிடக்கிறது. "பிள்ளை இடது கைப் பழக்கக்காரனாக வருவான் போலிருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைச் சற்று நிறுத்தி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். ஒரு வயது நிரம்புவதற்கு முன் குழந்தைகள் சாதாரணமாக இரண்டு கைகளையும் ஒன்றுபோலவே நீட்டும். அதற்குள்ளாகவே ஒரு கையை ஒதுக்கிவிட்டால், தாமதமின்றி வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில நாட்களிலோ மூளையின் ஒரு பகுதிக்குச் சேதம் உண்டானால், கைகால்களை ஆளும் சக்தி குன்றுகிறது. இதையே மூளை முடக்குவாதம் என்கிறார்கள். ஆயிரம் குழந்தைகளில் சுமார் இரண்டு பேருக்கு இது நேர்கிறது. லண்டன் வைத்தியரான வில்லியம் ஜான் லிட்டில் 1861-ஆம் வருஷத்தில் இதைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தார். அதனால் நெடுங்காலம் இது அவர் பெயராலேயே வழங்கி வந்தது. இது தொத்து வியாதியல்ல. பெற்றோர் செய்த பாவத்தின் பலனுமல்ல. இத்தகைய குழந்தைகளில் பலருக்கு அறிவில் யாதொரு குறைவும் இல்லை.

மூளையின் இடப் பாகத்தில் சேதமானால் உடம்பின் வலப் பக்கம் தளரும். முழங்கை மடிந்து, மணிக்கட்டு வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கிவிடும். குழந்தை என்ன செய்யும்? ஒரு கை சொன்னபடி கேட்கிறது, மற்றது கேட்கவில்லை. ஆகவே எல்லாக் காரியங்களையும் நல்ல கையிடமே ஒப்புவித்துவிடுகிறது. நாளடைவில், சற்றே முயன்றால் செய்யக்கூடிய வேலையைக்கூட வாதக் கை செய்வதில்லை. வளர்ந்தவருக்குப் பக்கவாதம் வந்தால், அவருடைய கை பழைய வேலையை மறந்துவிட்டது என்று சொல்லலாம். இந்தக் குழந்தையின் கையோ வேலைக்கு அறிமுகமே ஆகவில்லை. வேறுபாடு இதுதான்.

இந்த உண்மையின் மேல் ஒரு சிகிச்சை எழுந்தது. அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்னும் மனோதத்துவ அறிஞர் குரங்குகளிடம் ஒரு விசித்திரத்தைக் கண்டார். உணர்ச்சி நரம்பு அறுபட்ட கையைக் குரங்கு அடியோடு ஒதுக்கிவிட்டது. ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்ததும், ஒதுக்கிய கையையே உபயோகிக்கத் தொடங்கியது. பின்னர் இம்முறை மனிதர்களுக்கும் வந்தது. அலபாமா மாகாணத்து பர்மிங்ஹாம் நகரில் அவரும் அவருடைய சகாக்களும் 18 குழந்தைகளைக் கொண்டு நடத்திய சோதனையை 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நல்ல கைக்குக் கட்டுப்போட்டு, தினம் 6 மணி நேரம் வீதம் 21 நாட்கள் வாதக் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அக்குழந்தைகள் முன் செய்யாத பல காரியங்களைச் செய்யலாயினர்.

நியூயார்க்கில் ஆண்ட்ரூ கார்டனும் அவருடைய சகாக்களும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: "பொத்தான் போடுவதற்கும் காகிதம் வெட்டுவதற்கும் இரண்டு கைகளுமல்லவா வேண்டும்? நல்ல கையைக் கட்டாமல், இரண்டையும் சேர்த்தே பழக்கினால் என்ன?" 2011-ஆம் வருஷத்தில் 42 குழந்தைகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் 90 மணி நேரப் பயிற்சி. இரு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறினர். ஆகவே கட்டுப் போடுவதுதான் மந்திரம் என்று எண்ண வேண்டியதில்லை. குழந்தை தானே விரும்பி, ஒரு காரியத்தின் பொருட்டு, திரும்பத் திரும்பக் கையை ஏவுவதில்தான் பலன் இருக்கிறது.

இங்கேதான் நம்முடைய வீடுகளில் தவறு நேர்கிறது. எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிறர் அசைக்கும் கை வேலை கற்றுக்கொள்வதில்லை. இன்னொரு தவறு அன்பினால் நேருவது. சட்டையை மாட்டிவிடுவது தாயார். சோற்றை ஊட்டிவிடுவது பாட்டி. புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது அக்காள். இவ்வளவு பணியாட்கள் இருக்கும்போது அந்தக் கை எதற்காக வேலை செய்யும்?

வீடே நல்ல பயிற்சிக்கூடம். சப்பாத்தி மாவை உருட்டச் சொல்லலாம். பட்டாணி உரிக்கச் சொல்லலாம். ஒரு கையால் டப்பாவைப் பிடித்து மறு கையால் மூடியைத் திறக்கச் சொல்லலாம். தாளம் தட்டுவதும், காகிதக் கப்பல் செய்வதும், பந்தை இரு கைகளாலும் பிடிப்பதும் சிகிச்சைதான். முதலில் சுலபமான வேலை, பிறகு சற்றுக் கடினமானது என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். மாவு சிந்தினால் சிந்தட்டும். கால் மணி நேரம் தாமதமானால் ஆகட்டும்.

ஆனால் நல்ல கையைக் கட்டும் காரியத்தைப் பெற்றோர் தாமாகவே மேற்கொள்ளலாகாது. எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு நேரம், எவ்விதம் என்பதை நிபுணரே சொல்ல வேண்டும். ஸ்வீடன் தேசத்தில் கைக்குழந்தைகளுக்கு மெல்லிய உறை மாட்டி, தினம் அரை மணி நேரம் மட்டுமே பழக்குகிறார்கள்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்பார்கள். சீக்கிரம் ஆரம்பிப்பது சிறந்ததென்பதில் சந்தேகமில்லை. எனினும் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களும் இப்பயிற்சியால் பலன் அடைந்திருக்கிறார்கள். காலம் கடந்துவிட்டதென்று எவரும் கைவிட வேண்டாம். அதே சமயம், பூரண குணம் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களையும் நம்ப வேண்டாம். மூளையில் நேர்ந்த சேதம் மாறுவதில்லை. வாதக் கை நல்ல கைக்குச் சமமாகாமல் போகலாம். ஆனால் அதற்கு உற்ற துணையாகலாம். தட்டைப் பிடிக்கவும், காகிதத்தை அழுத்திக்கொள்ளவும் ஒரு துணைக் கை கிடைத்தால், அந்தக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய சுதந்திரம்!

பம்பாயில் 1972-ஆம் வருஷத்திலும் சென்னையில் 1985-ஆம் வருஷத்திலும் இத்தகைய குழந்தைகளுக்கென்று ஸ்தாபனங்கள் தோன்றின. இருந்தும், தினம் பல மணி நேரப் பயிற்சி என்பது ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத காரியமாகவே இருக்கிறது. ஜில்லாதோறும், தாலுகாதோறும் இதற்கு வழி செய்வது சர்க்காரின் கடமை. கேட்டுப் பெறுவது நம்முடைய கடமை. அதற்கிடையில், இன்று சாயங்காலமே பட்டாணிக் கூடையைக் குழந்தையின் முன் வைப்பதற்கு எந்தச் சர்க்காருடைய உத்தரவும் வேண்டியதில்லை.