இரண்டாவது விருப்பம்

செவ்வாய்க்கிழமை கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தார்கள். கூடவே நுரையும் வந்தது. காற்றில் பிய்ந்து பறந்த ஒரு கட்டி என் வண்டி விளக்கில் ஒட்டிக்கொண்டது. துடைத்தால் கையெல்லாம் பிசுபிசுப்பு, சாக்கடை வாடை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் கலந்து நம் வயலுக்கு வரும் கொடுமையை இந்தப் பத்தியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இந்த வாரமும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால், கரையோர டீக்கடையில் ஒரு விவசாயி சொன்னது நெஞ்சைவிட்டு அகலவில்லை. "ஆத்துக்காகப் பேசறவருக்குப் போட ஆசைதான் சார். அவரு ஜெயிக்கமாட்டாரு. ஓட்டு பிரிஞ்சு வேண்டாதவன் வந்துட்டா?"

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்துக் கிருஷ்ணகிரியில் 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வென்றது வெறும் 794 வாக்கு வித்தியாசத்தில். நாம் தமிழர் வாங்கியது அதைவிடப் பல மடங்கு. 1989 சட்டமன்றத் தேர்தலை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அ.தி.மு.க. சேவல், இரட்டைப்புறா என்று இரண்டு சின்னங்களில் பிரிந்து நின்றது. காங்கிரசும் தனியே நின்றது. சுமார் 33 சதவீத வாக்கிலேயே தி.மு.க.வுக்கு 150 இடங்கள் கிடைத்தன. 2014 மக்களவைத் தேர்தலிலோ அதே தி.மு.க. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கியும் ஓரிடம்கூடப் பெறவில்லை.

முதலில் வந்தவரே வென்றவர் என்னும் முறையில் இப்படித்தான் நடக்கும். வேறு வழியும் உண்டு. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். 2024-இல் அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டவில்லை. விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் முடிவு சொன்னார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கும் குடியரசுத் தலைவருக்கும் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள். 1969-இல் வி.வி.கிரி வென்றதே இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகுதான். நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களுக்கு இருக்கும் உரிமை, அனுப்பிய நமக்கு ஏன் இல்லை?

அந்த உரிமை இருந்தால், டீக்கடையில் தயங்கி நின்ற அந்த விவசாயி ஆற்றுக்கு 1 போடுவார். வேண்டாதவர் வந்துவிடாமலிருக்க இன்னொருவருக்கு 2 போடுவார். ஆற்றுக்கு எத்தனை பேர் 1 போட்டார்கள் என்பது அப்போதுதான் எல்லாக் கட்சிக்கும் தெரியும். இன்று அந்தக் கணக்கு அவர் மனசுக்குள்ளேயே கிடக்கிறது. நுரை மட்டும் வெளியே தெரிகிறது.