முதல் ஆட்டத்தோடு வீட்டுக்கு

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'கேலோ பாரத் நீதி' ஆவணம் நம் வாசகர்களின் கைபேசிக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். 2001-ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பதிலாக வந்திருக்கும் இதன் ஐந்து தூண்களையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. 2036 ஒலிம்பிக் கனவையும் விளையாட்டுப் பொருளாதாரத்தையும் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது ஒன்றுதான். மாநிலங்கள் இதை முன்மாதிரியாகக் கொண்டு தங்கள் கொள்கைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஆவணம் எதிர்பார்க்கிறது. அந்தத் திருத்தம் சுற்றறிக்கையாகப் பள்ளி மைதானத்தில் வந்து இறங்குவதற்கு முன்பே உடற்கல்வி ஆசிரியர்கள் தங்கள் நிலையைச் சொல்லிவிடுவது நல்லது. வந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் ஆலோசனை அல்ல, புலம்பல்.

கொள்கையில் வரவேற்க நிறைய இருக்கிறது. பெண்கள், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பங்கேற்பை அது வெளிப்படையாகப் பேசுகிறது. மரபு விளையாட்டுகளை மீட்க வேண்டும் என்கிறது. விளையாட்டைப் பாடத்திட்டத்தோடு இணைக்கவும் உடற்கல்வி ஆசிரியர்களுக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் சொல்கிறது. நல்லது. ஆனால் இளம் வயதிலேயே திறமையைக் கண்டறிதல், பள்ளிகளுக்கு உடற்தகுதிக் குறியீடு, போட்டி லீக்குகள் என்று மூன்று சொற்றொடர்களும் அதே ஆவணத்தில் இருக்கின்றன. இந்த மூன்றையும் அதிகாரிகள் எப்படிப் படிக்கப்போகிறார்கள் என்பதில்தான் பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டு வகுப்பு எப்படி இருக்கும் என்பது அடங்கியிருக்கிறது.

குறியீட்டை முதலில் முடித்துவிடுவோம். கேலோ இந்தியா தகுதித் தேர்வை நாம் நடத்திப் பார்த்தவர்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பி.எம்.ஐ., ஃபிளமிங்கோ சமநிலை, தட்டுத் தட்டுதல். நான்காம் வகுப்பிலிருந்து 50 மீட்டர், 600 மீட்டர், வளைந்து தொடுதல், கர்ல்-அப், புஷ்-அப். சோதனைகளில் தவறில்லை. நடத்தும் விதத்தில்தான் கோளாறு. எடைக்கருவியை வகுப்பின் நடுவில் வைத்து, எண்ணை உரக்கச் சொல்லி, இன்னொரு மாணவனை எழுதச் சொல்வது எத்தனை பள்ளிகளில் நடக்கிறது என்று நம் மனச்சாட்சிக்குத் தெரியும். குண்டாக இருக்கும் பிள்ளை அந்த ஒரு நாளுக்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வர ஏன் பிரியப்படும்? குறியீடு வரட்டும், ஆனால் பிள்ளையின் எண் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் என்ற ஒரு வரியும் அதோடு வர வேண்டும். தரவரிசைப் பட்டியல் ஒட்டும் பள்ளியைப் பாராட்டக் கூடாது.

இனி இந்த இதழ் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறோம். சலித்துக்கொள்கிறவர்கள் சலித்துக்கொள்ளலாம்.

லீக் என்ற சொல்லை ஓர் அரசாங்க ஆவணம் பயன்படுத்தியிருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் லீக்கைத்தான் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். பரவாயில்லை, நாம் அதை நம் பொருளில் பிடித்துக்கொள்வோம். நம் குறுவட்டப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்ட பிரிவுகூட நாக்அவுட் முறையில்தான் நடக்கிறது. நடுவர்களாகவும் மேலாளர்களாகவும் நின்று நாமே நடத்திக்கொடுக்கிறோம்.

16 அணிகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகளுக்கு ஓர் ஆட்டம், நான்கு அணிகளுக்கு இரண்டு, இரண்டு அணிகளுக்கு மூன்று. கடைசி இரண்டு அணிகளுக்குத்தான் நான்கு. இறுதிவரை வரும் அணி எது? பெரும்பாலும் சொந்த மைதானமும் நிரந்தர உடற்கல்வி ஆசிரியரும் காலைப் பயிற்சியும் உள்ள பள்ளி. முதல் ஆட்டத்தோடு கிளம்பும் அணி எது? மைதானம் இல்லாத, ஆசிரியர் இல்லாத, சீருடையை இரவல் வாங்கிக்கொண்டு வந்த பள்ளி. யாருக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அவர்களுக்கு மிகக் குறைவாகவும், ஏற்கெனவே தினமும் விளையாடுகிறவர்களுக்கு மிக அதிகமாகவும் பரிமாறும் பந்தி இது. இதைத்தான் திறமையைக் கண்டறிதல் என்கிறோம். 30 நிமிட ஆட்டத்தில், அதுவும் உடன் ஆடுகிறவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளைய பிள்ளையிடம் என்ன திறமையைக் கண்டுபிடித்துவிட முடியும்? உயரத்தைக் கண்டுபிடிக்கலாம்.

வருகிற 12 பேரில் கபடியில் ஏழு பேர்தான் களத்தில் இறங்குவார்கள். மீதி ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அணி முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஐவரில் சிலர் களத்தை மிதிக்காமலேயே பேருந்து ஏறுகிறார்கள். அவர்கள் பெயர் பங்கேற்பாளர் பட்டியலில் இருக்கிறது. சான்றிதழும் கிடைக்கிறது. கணக்கு நேராகிவிட்டது.

இதில் வேடிக்கை, இந்தக் கொடுமையைத் தன் விதியிலேயே மறுத்த விளையாட்டு கபடி. அவுட் ஆனவன் வெளியே போகிறான், தன் அணி ஒரு புள்ளி பிடித்ததும் போன வரிசைப்படி உயிர்பெற்றுத் திரும்பி வருகிறான். ஏழு பேரும் போய்விட்டால் எதிரணிக்கு லோனா கிடைக்கிறது, ஆனால் ஏழு பேரும் மறுபடி களத்துக்கு வருகிறார்கள். பி.பி.எட். வகுப்பில் கபடியின் பழைய வடிவங்களைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். இன்றைய ஆட்டத்துக்குத் தாயான 'சஞ்சீவனி' முறை ஒன்று. அவுட் ஆனவன் கடைசிவரை வெளியே இருக்கும் முறை இன்னொன்று. 'அமர்' மூன்றாவது. அதில் பிடிபட்டாலும் தொடப்பட்டாலும் எதிரணிக்குப் புள்ளி போகும், ஆள் வெளியே போக மாட்டான். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதியை எந்த வெளிநாட்டு நிபுணர் வந்து எழுதித்தர வேண்டும்? தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாக எழுதிவிட்டு மறந்த அந்த 'அமர்' முறையை நாளைக் காலை தொடக்கப் பள்ளி மைதானத்தில் ஆடலாம். தனிச் செலவு எதுவும் இல்லை. மரபு விளையாட்டை மீட்பது என்றால் ஆண்டு விழாவில் பல்லாங்குழியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று அர்த்தமில்லை. இப்படி ஆடவைப்பதுதான் அர்த்தம்.

நேரமில்லை, ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு களங்கள், 15-5-15 ஆட்டம், இடைவெளி சேர்த்து 40 நிமிடம். முதல் சுற்றுக்கு நான்கு முறை, கால் இறுதிக்கு இரண்டு, அரையிறுதிக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று, ஆக எட்டு முறை. 5 மணி 20 நிமிடம். இப்போது அதே 16 அணிகளை நான்கு குழுவாகப் பிரியுங்கள். குழு ஆட்டத்தை 7-2-7 ஆக்குங்கள், இடைவெளியோடு 20 நிமிடம். 24 ஆட்டங்கள், இரண்டு களங்களில் 12 முறை, 4 மணி நேரம். குழு முதல்வர்கள் நால்வருக்கு முழு நீள அரையிறுதியும் இறுதியும், இன்னும் 80 நிமிடம். மொத்தம் அதே 5 மணி 20 நிமிடம்! ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை. ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டங்கள் உறுதி. 12 பேரும் குழுச் சுற்றில் குறைந்தது ஒரு பாதியாவது ஆடியிருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் உட்கார்ந்தே திரும்பும் பிள்ளை ஒருவரும் இல்லை. கோப்பை எப்போதும் போல ஒருவருக்குத்தான் போகும். அதை யாரும் பறிக்கவில்லை.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? மேலிருந்து வரும் படிவத்தில் அதற்கு இடமில்லை. உங்கள் குறுவட்டத்திலிருந்து எத்தனை பேர் மாவட்டத்துக்குப் போனார்கள், மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் மாநிலத்துக்குப் போனார்கள் என்றே கேட்கிறார்கள். உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு ஒருமுறைகூடப் போட்டியில் ஆடாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எந்த ஆய்வுக் கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள்? கேட்காத கேள்விக்கு யாரும் பதில் தயாரிப்பதில்லை. போட்டி அட்டவணை கடைசி நேரத்தில் வரும், தொகை போட்டி முடிந்து வரும், சுண்ணாம்புக்கும் நடுவர் சாப்பாட்டுக்கும் பொறுப்பாசிரியர் கைக்காசு போடுவார். இந்த நிலையில் யார் புதிய ஃபிக்சர் போட்டுப் பரிசோதிப்பார்கள்? எப்படியாவது சாயங்காலத்துக்குள் ஊதி முடித்தால் போதும் என்றுதான் தோன்றும்.

இன்னும் ஆழமாகப் போனால் இன்னும் கசக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். ஒன்று முதல் ஐந்து வரை? மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள் வேண்டும் என்கிறது. அந்தப் பந்தை எப்படி உருட்டுவது என்று காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லவில்லை. ஓடவும் குதிக்கவும் எறியவும் பிடிக்கவும் உடல் பழகும் ஐந்து ஆண்டுகளைச் சட்டமே காலியாக விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்காக 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். பிறகு ஊதியம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த நாட்களும் ஏறின. 'உடற்கல்விப் பயிற்றுநர்களுக்குச் சிறப்புப் பயிற்சி' என்று கொள்கை சொல்லும்போது, அந்தப் பயிற்சியை எந்த வேலைநாளில், எந்தச் சம்பளத்தில் அவர்கள் பெறுவார்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நிரந்தரப் பணியில் இருப்பவரின் கதையும் பெரிதாக மாறிவிடவில்லை. காலை வணக்கக் கூட்டம், ஒழுங்கு, எமிஸ் பதிவு, தேர்வறை, எந்த ஆசிரியர் வரவில்லையோ அவர் வகுப்பு. பத்தாம் வகுப்பு நடத்தும் கணக்காசிரியர் பி.டி. பீரியடை எடுத்துக்கொண்டால் அது தியாகம். நாம் கணக்குப் பீரியடை ஒருநாள் கேட்டுப் பார்ப்போமா?

மாற்றுத்திறனாளி மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதே இருக்கக் கூடாது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டில் அவர்களின் பங்கேற்பை அரசின் கடமையாக்குகிறது. முதலமைச்சர் கோப்பையில் அவர்களுக்குத் தனிப் பிரிவு இருப்பது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆண்டில் அந்தச் சில நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? பைகளுக்குக் காவலாக, அல்லது ஸ்கோர் எழுதிக்கொண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதை மேடைதோறும் சொல்கிறோம். பள்ளியில் அவரை உயரம் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர் என்பதையும் பெருமையோடு சேர்த்துச் சொல்கிறோம். அந்த ஆசிரியர் அவரைத் தனிப் பிரிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை, மற்ற மாணவர்கள் நின்ற வரிசையிலேயே தாண்டவிட்டார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பதக்கம் வாங்கப் போகிற பிள்ளைக்கு மட்டுமான சலுகை அல்ல அது. ஒருபோதும் பதக்கம் வாங்கப் போகாத பிள்ளைக்கும் அதே வரிசையில் இடம் உண்டு. இடத்தைச் சுருக்கு, பணியை மாற்று, கருவியை மாற்று, ஆளைக் கூட்டு என்ற நான்கு வழிகளும் நமக்குப் பாடமாகவே தெரிந்தவை. செய்வதில்தான் சுணக்கம்.

நார்வேயைச் சொன்னால் பணக்கார நாடு என்று ஒரு குரல் எழும். எழட்டும். அங்கே 1987-இலிருந்து குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. இன்றைய வடிவில், 11 வயதாகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது, 13-க்கு முன் தேசியச் சாம்பியன் போட்டி கிடையாது. அரைக்கோடிக்குச் சற்று மேல் மக்கள்தொகை கொண்ட அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. அந்த விதிகளால்தான் வாங்கியது என்று நாம் வாதிடவில்லை. அந்த விதிகள் தங்கத்தைத் தடுத்துவிடவில்லை என்பது மட்டும் நமக்குப் போதும். இளம் வயதில் வடிகட்டாவிட்டால் 2036-இல் பதக்கம் வராது என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இது பதில்.

ஆகவே மாநிலக் கொள்கையை எழுதுகிறவர்களுக்கு இதழின் நிலை இது. 14 வயதுக்குட்பட்ட பிரிவில் குறுவட்ட அளவில் நாக்அவுட் கூடாது. தகுதிக் குறியீட்டின் எண்கள் சுவரில் ஒட்டப்படக் கூடாது. தொடக்கப் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், ஐந்து பள்ளிகளுக்கு ஒருவர் என்றாலும், வேண்டும். மூன்றில் முதல் இரண்டுக்கும் ஒரு ரூபாய் செலவில்லை. ஆகவே நிதியில்லை என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த குறுவட்டக் கூட்டத்தில், சீட்டுக் குலுக்குவதற்கு முன், ஒரே ஒரு விளையாட்டில், ஒரே ஒரு வயதுப் பிரிவில் குழு முறையை முன்மொழியுங்கள். ஒப்புக்கொள்ளும் குறுவட்டம் தன் ஃபிக்சரையும், ஆடிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எங்களுக்கு அனுப்பினால், அதை அப்படியே அச்சிடுகிறோம்.