முன்கூட்டி உரைக்கும் குருதி

நீரிழிவு ஒரே நாளில் தோன்றுவதன்று. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில், சர்க்கரை சீராயிருந்த 2,422 பேரை 12 ஆண்டுகள் கவனித்தனர். 201 பேர் நீரிழிவுற்றனர். 2011-இல் வெளியான முடிவின்படி, நோயுற்றோர் குருதியில் லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தன.

இவை புரதத்தின் கூறுகளே. ஆயினும் பருப்பை அஞ்ச வேண்டா. இன்சுலினின் ஆற்றல் தளர்கையில் உடல் அவற்றைச் சரிவரச் செலவிடாமையும் இம்மிகுதிக்குக் காரணமாகும்.

2002-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்றோர் அளவாக உண்டு, எடை குறைத்து, வாரம் 150 நிமிடம் நடக்க முயன்றனர். நோய் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. ஆகவே பிரசாதத்தைக் கையளவு ஏற்று, பிரகாரத்தை இன்னுமொரு சுற்று வலம்வருதல் நலம்.