கெளம்பும் கௌம்பும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மாடியறையில் பல ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை, பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தருவது. சிற்றிதழ்க்காரர்கள் வருவார்கள், தம் கதைகளை ஏதோ ஒரு குறுந்தகட்டில் வைத்துவிட்டு மறந்த எழுத்தாளர்கள் வருவார்கள். இதற்கென நானே எழுதிய நிரல் ஒன்று உண்டு. பார்க்க லட்சணமானதல்ல. விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன், பொறியியல் மாணவன், அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்படியா சித்தப்பா எழுதி வைப்பீங்க?" என்றான். இரண்டே நாளில் 400 வரிகள் 90 ஆயின. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சிறுகதைத் தொகுப்பு அதன் வழியே போயிற்று. பிறகு ஆசிரியரிடமிருந்து தொலைபேசி: "ஏனுங்க, நம்ம கதையில எல்லாரும் கௌம்பிப் போறாங்களே, எங்கீங்க போறாங்க?"

நடந்தது இதுதான். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்தன: முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறியில் ஒலியின் வரிசை: ககரம் முதலில், கொம்பு பின்னால். இடம் மாற்றுவது எளிது. தொல்லை ஔகாரத்தில். அதன் பின்பாதிக் குறிக்கு ளகரத்தின் உருவம். பல எழுத்துருக்களில் அதற்குத் தனியிடம் கிடையாது. தட்டச்சு செய்தவர்கள் ளகரத்தையே அடித்தார்கள். மௌனத்தில் இருப்பது குறி, வெள்ளத்தில் இருப்பது எழுத்து என்பதை நிரல்தான் ஊகித்தறிய வேண்டும்.

கொம்பு, மெய், ளகரம் என்று வந்தாலே ஔகாரம் எனக் கொண்டால் 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகும். இணையத்தில் இந்தப் பிழையை நீங்களும் கண்டிருப்பீர்கள். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் எழுத்து, இல்லையேல் குறி என்று விதியைத் திருத்தினால் தலையங்கமும் கட்டுரையும் தப்பிவிடும். கதை தப்பாது. எங்கள் பக்கத்து மனிதர்கள் விளக்கை வெளக்கு என்பார்கள். விளைந்த நெல் வெளஞ்ச நெல். கிளம்புகிறவன் கெளம்புவான். அந்த அழகிய விதியில் அகப்பட்டு இவையெல்லாம் ஔகாரமாகிவிடும். என் நிரலின் கடைசியில் விகாரமாக நின்ற சொற்பட்டியல் இதற்காகத்தான். அதில் ஒவ்வொரு சொல்லும் ஓர் எழுத்தாளரிடம் நான் வாங்கிய திட்டு. பையன் அதைக் குப்பை என்று நினைத்துக் கழித்துவிட்டான்.

தவறு அவனுடையதன்று. அந்தப் பட்டியல் ஏன் இருக்கிறது என்று நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நிரல் நடை என்றால் இடைவெளி விடுவதும் பெயர் சூட்டுவதும் என்றே பலர் பேசுகிறார்கள். அவையும் வேண்டியவைதாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்ட நிரல், பாடபேதக் குறிப்பில்லாமல் பதிப்பித்த நூலைப் போன்றது; அடுத்து வருகிறவர் தம் அழகுணர்ச்சியைக் கொண்டு திருத்திவிடுவார்.

மார்ட்டின் ஃபௌலர் 1999இல் வெளியிட்ட நூலால் பரவலான 'ரீஃபாக்டரிங்' என்ற சொல்லை மறுசீரமைப்பு எனலாம். வெளியே தெரியும் செயல் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் மாற்றுவது. தமிழர்களுக்கு இதில் பழக்கமுண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை முதலிய 13 எழுத்துகளின் உருவம் மாறிற்று, ஒலி மாறவில்லை. (ஔகாரத்தை 'அவ்' என்றே எழுதலாம் என்ற பெரியாரின் யோசனையை அன்று அரசு ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் என் பிழைப்பு பாதி எளிதாகியிருக்கும். ஆனாலும் 'மவுனம்' என்று எழுத எனக்கு இன்றும் கை வருவதில்லை.)

இதைவிடப் பெரிய அளவில் அடிபட்டது நெட்ஸ்கேப். 1998இல் பழைய நிரலை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். ஐந்தாம் பதிப்பு வெளிவரவே இல்லை. ஆறாம் பதிப்பு 2000 நவம்பரில் வந்தபோது மைக்ரோசாஃப்ட் உலவி முந்திவிட்டது. பழைய நிரலின் அசிங்கமான வரிகள் எல்லாம் யாரோ கண்டுபிடித்துத் திருத்திய பிழைகள் என்று ஜோயல் ஸ்போல்ஸ்கி அவ்வாண்டே எழுதினார். அவர் சொன்னதை முழுதும் ஒப்ப முடியவில்லை. அந்தப் புதிய நிரலிலிருந்துதான் 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் பிறந்தது. ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப்பின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது.

அழகில்லை என்பதற்காக நிரலைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி. புதிய எழுத்துரு ஒன்றைச் சேர்க்க வேண்டி, ஒரே விதியை மூன்றிடங்களில் மாற்ற நேரும்போது அந்த இடத்தை மட்டும் பிரித்துக் கட்டலாம். அதற்கும் முன்னால், சரியாக மாறியவை என்று உறுதியான பக்கங்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும். மாற்றத்துக்குப் பிறகும் அவை எழுத்துப் பிசகாமல் அப்படியே வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இத்தகைய சோதனைப் பக்கங்கள் இல்லாதவர், லட்சணமில்லாத நிரலோடு இன்னும் சில காலம் குடித்தனம் நடத்துவதே நல்லது.

பையனுடைய 90 வரிகளை நான் தூக்கிப்போடவில்லை. கட்டமைப்பு அவனுடையது. பட்டியல் தனிக் கோப்பாகத் திரும்பி வந்திருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எந்தக் கதையில் வந்தது என்ற குறிப்போடு. சென்ற மாதம் அவன் 'வெளங்காதவன்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தான். எதிரே குறிப்பு: கதையில் வரவில்லை, சித்தப்பா அடிக்கடி சொல்வது.