மதமும் அரசியலும் அமைதிக்கு வழியாகுமா?

உலகில் நிலையான அமைதிக்கு மதமும் அரசியலும் வழிகாட்ட வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். எந்த மதம், எந்த அரசியல் என்று நாம் கேட்பதில்லை. விடை தேடி ரோமாபுரிக்கும் டில்லிக்கும் போக வேண்டாம். தேங்காய்த்திட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்திலுள்ள மிஷன் வீதியே போதும்.

அங்கே நாம் ஜெபமாலை சொல்லும் ஜென்மராக்கினி மாதா கோயிலின் பக்கத்திலேயே ஒரு காலத்தில் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில், கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்சி அதை இடித்தது. இடிக்கும்படி நெடுநாளாக வற்புறுத்தி வந்தவர்கள் நம் சேசு சபைக் குருக்களே! ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைப்பதற்கில்லை. அரசியலும் மதமும் அன்று கைகோத்துத்தான் நின்றன. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கியபோது நம் கோயிலும் தப்பவில்லை.

இனி 1954ஆம் ஆண்டு. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதித்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போர் மூண்டது. 1962 வரை அது ஓயவில்லை. ஆண்ட நாடு ஒன்றே. ஒரு கரையில் வாக்கு, மறு கரையில் துப்பாக்கி! எல்லாம் சாந்தமாக நடந்தது என்று நாமும் பெருமையடித்துக்கொள்ள முடியாது. 1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. ஆனால் கடைசியில் மக்களைக் கேட்டார்கள். 1748இல் பக்கத்துக் கோயிலாரை யார் கேட்டார்கள்?

1963இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் அமைதி பற்றிய தம் சுற்றுமடலைக் கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனம் கொண்ட எல்லா மாந்தருக்கும் எழுதினார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படியொரு மடல் நம் ஊருக்கு வந்திருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

பெற்றோரே, இந்துத் தோழி தரும் பிரசாதத்துக்கும் முஸ்லிம் தோழி வீட்டு விருந்துக்கும் இன்னும் தடைபோடும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளை உலக அமைதி பற்றிப் பேச மேடையேற்றுவது எப்படிப் பொருந்தும்? ஆனந்தரங்கப் பிள்ளையின் அந்தப் பக்கங்களை ஞானோபதேச வகுப்பிலேயே வாசிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வேதபுரீசுவரர் கோயில் பிறகு வேறு வீதியில் எழும்பி இன்றும் நிற்கிறது. வாசித்த பின் மாதா கோயிலிலிருந்து அங்கே எல்லோரும் நடந்து போய்வரலாம். கன்னியர் அனுமதிக்க வேண்டும், கேட்கத்தான் போகிறோம்.