முழங்கால் யாருடையது?

“கிழவியிடம் அதெல்லாம் எதற்கு? பயந்து போய்விடுவாள்” என்றார் நண்பர்.

அவருடைய தாயாருக்கு முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷன். ஒரே நாளில் இரண்டு காலுக்கும். ஆஸ்பத்திரியில் நீட்டிய இங்கிலீஷ் காகிதத்தில் பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “தம்பி, இதுக்கப்புறம் தரையிலே சம்மணம் போட்டு உக்காரலாமாப்பா?” நண்பர் முந்திக்கொண்டு, “ஓடவே செய்யலாம் அம்மா!” என்றார்.

இந்தப் பொய்க்கு நாம் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

நான் ஆபரேஷனுக்கு விரோதியல்ல. ‘வயசானால் கால் வலிக்கத்தான் செய்யும்’ என்று வேதாந்தம் பேசி, ஒரு தைலப் புட்டியைக் கையில் கொடுத்துத் தாயை மூலையில் உட்கார்த்திவைக்கும் பிள்ளைகளைவிட என் நண்பர் ஆயிரம் மடங்கு மேல். தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி, உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பொருத்தி, வருஷக்கணக்காக அழவைத்த வலியைப் போக்குவது சாமானியமான காரியமா? 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, முழுக்க மாற்றிய முழங்கால்களில் 100-க்குச் சுமார் 82, 25 வருஷம் நீடிக்கின்றன. இதை மறுப்பவன் மூடன்.

ஆனால் மீதியைச் சொல்ல மட்டும் ஏன் நாக்கு எழவில்லை? முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி ஏற்படுவதில்லை. நூற்றில் ஒருவர் இருவருக்கு மூட்டுக்குள் கிருமி புகுந்துவிடுகிறது. புகுந்தால் மறுபடியும் கத்தி. சில சமயம் பொருத்தியதையே கழற்ற வேண்டும். சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் வைக்காதவருக்கு இந்த அபாயம் ஜாஸ்தி. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் மருந்தும் கொடுத்து, சீக்கிரமே எழுந்து நடக்கவும் சொல்கிறார்கள். ‘மறுநாளே நடந்தார்!’ என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது சிகிச்சையின் ஆரம்பம். அதைக் குணமாகிவிட்டதற்கு அத்தாட்சியாகக் காட்டுவது மோசடி.

வீக்கம் முழுக்க வடிய மாதங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம்கூட ஆகலாம். முதல் சில வாரங்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் மூட்டு விறைத்துப் போகும். தழும்பின் வெளிப்புறத்தில் தோல் மரத்திருக்கும். சம்மணம் பலருக்குக் கூடிவருவதில்லை; வேண்டாம் என்றே பல டாக்டர்களும் சொல்கிறார்கள்.

இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டியவர் யார்? கையெழுத்துப் போட்ட பிள்ளையா? ஓடலாம் என்று நம்பிக் கண் விழிக்கிறவள், முதல் வலி வந்ததுமே ‘ஏதோ கெட்டுப்போச்சு’ என்று காலை அசைக்காமல் கிடப்பாள். பயம் வரக்கூடாது என்று சொன்ன பொய்யே பயத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், காலையும் கெடுக்கும்.

‘தோல்வியைப் பற்றிப் பேசினால் வைத்தியத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்’ என்பார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1950-களின் கடைசியிலிருந்து சுமார் 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்து இடுப்பு மூட்டை மாற்றினார். சில வருஷங்களில் அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த சதையைக் கெடுத்தன. அவர் தோல்வியை மூடவில்லை. டெஃப்லானைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார். நோயாளிகளுக்குத் தாமே மறுபடி ஆபரேஷன் செய்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்றுக்கு அஸ்திவாரம் அதுதான்.

இன்னொரு கதையும் உண்டு. 2010 ஆகஸ்டில் டிபியூ கம்பெனி, உலோகத்தோடு உலோகம் உரசும் தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகளை உலகமெங்கும் திரும்பப் பெற்றது. நம் தேசத்தில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அவை பொருத்தப்பட்டிருந்தன. சர்க்கார் நியமித்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை கொடுத்தபோது, நோயாளிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தன் உடம்புக்குள் இருப்பதன் பெயரை அறியாதவனிடம், அது பழுது என்று யார் போய்ச் சொல்வது?

2017-ல் சர்க்கார், பெரும்பாலோருக்குப் பொருத்தும் முழங்கால் மூட்டின் விலையைச் சராசரி 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாயாகக் குறைத்தது. நல்ல காரியம். ஆனால் தமிழில் நாலு வார்த்தை எடுத்துச் சொல்வதற்கும், பொருத்திய மூட்டின் பெயரையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி நோயாளி கையில் கொடுப்பதற்கும் எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

அன்று நண்பர் காப்பி வாங்கப் போன சமயத்தில் நான் அந்த அம்மாளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் பயப்படவில்லை. சற்று யோசித்தாள்.

“சம்மணம் போனாப் போகுது, நாற்காலியிலே உக்காந்துக்கறேன். கோயிலுக்கு நடந்து போக முடிஞ்சாப் போதும். ஆனா ரெண்டு காலும் ஒரே நாள்லே வேண்டாம்னு டாக்டர்கிட்டே சொல்லு. ஒண்ணு தேறட்டும்.”

ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் ஆபத்து கூடுதல் என்பது வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொண்ட சங்கதி. டாக்டர் அவள் சொன்னபடியே செய்தார். நண்பருக்கு மட்டும் என்மேல் இன்னும் கோபம்.